சோயா மெழுகும் தமிழகத்தில் மெழுகுவர்த்தி மெழுகுகளின் வரலாறும்

சோயா மெழுகு என்பது சோயா அவரை எண்ணெயை ஹைட்ரஜனேற்றம் செய்து பெறப்படும் திண்மக் கொழுப்பு ஆகும். மணமூட்டிய மெழுகுவர்த்திகளை வீட்டிலேயே செய்து விற்பவர்கள் இன்று அதிகம் கேட்டு வாங்கும் மூலப்பொருள் இதுவே. 1990-களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் உருவான இந்த மெழுகு, தமிழகத்துக்கு வந்து சேர்ந்தபோது இங்கே ஒரு நீண்ட மெழுகு வரலாறு ஏற்கெனவே இருந்தது. தேன்மெழுகு, விலங்குக் கொழுப்பு, இலங்கைத் தேங்காயின் கொழுப்பு, பர்மாவின் மண்ணெண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்த பாரஃபின், மணலி சுத்திகரிப்பு ஆலையின் பாரஃபின் என ஒவ்வொரு காலத்திலும் ஒரு பொருள் திரியைச் சுற்றி இருந்திருக்கிறது. எந்தக் காலத்திலும் மெழுகைத் தேர்ந்தெடுத்தவர் எதிர்கொண்ட முதற்கேள்வி ஒன்றுதான்: எந்த வெப்பத்தில் அது உருகும்?

திருப்பெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் செல்லும் சாலையில் உள்ள மண்ணூர் போன்ற ஊரில் ஒருவர் ஐந்து கிலோ சோயா மெழுகு வாங்குகிறார் என்றால், அவர் தேர்வு சரியா தவறா என்பதை மே மாதம் சொல்லிவிடும். அந்தத் தேர்வைப் புரிந்துகொள்ள, மெழுகு இந்த நிலத்துக்கு வந்த வழியைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் நிலமும் மெழுகு நிலமும்

தமிழகத்தின் பழைய ஒளி மரபு விளக்கு மரபே தவிர மெழுகுவர்த்தி மரபு அன்று. சோழர் கால, பல்லவர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் கொடைகளுள் ஒன்று நுந்தா விளக்குக் கொடை. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் அல்லது 32 பசுக்கள் என்பது பரவலாகக் காணப்படும் கணக்கு. அவை 'சாவா மூவாப் பேராடுகள்' எனப்பட்டன. மந்தையில் இறப்பும் மூப்பும் நேர்ந்தாலும் பிறப்பால் எண்ணிக்கை குறையாமல் காக்கப்பட வேண்டும் என்பது இதன் பொருள். நெய் தவிர இலுப்பை, புன்னை, ஆமணக்கு, எள் ஆகியவற்றின் எண்ணெய்களும் விளக்குக்குப் பயன்பட்டன.

இதற்குக் காரணம் பண்பாடு மட்டுமன்று, வெப்பநிலையும்தான். குளிர்ந்த ஐரோப்பாவில் ஆட்டுக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் ஆண்டின் பெரும்பகுதி கட்டியாக இருக்கும். அவற்றைத் திரியைச் சுற்றி உறையவைத்தால் பாத்திரம் இல்லாமலே எரியும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசில் உருகுவது. மார்கழிக் காலையில் புட்டியில் அது உறைந்து நிற்பதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம், ஆனால் பத்து மணி வெயிலில் மறுபடி நீராகிவிடும். உறையாத எரிபொருளுக்கு ஒரு கிண்ணம் வேண்டும். அகல் அப்படித்தான் நிலைத்தது.

தேன்மெழுகு

'மெழுகு' என்ற சொல் தமிழில் பெயராகவும் வினையாகவும் வழங்குகிறது. தரையைச் சாணத்தால் மெழுகுவதும், தேனடையிலிருந்து எடுக்கும் மெழுகும் ஒரே சொல்தான். பெயர்ச்சொல்லாகப் பழங்காலத்தில் அது குறித்தது தேன்மெழுகையே. ஆனால் அது ஒளிக்காக அன்றி வார்ப்புக்காகவே மதிக்கப்பட்டது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் ஆனவை. இன்றும் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சுகின்றனர். குங்கிலியம் கடினம் தரும், எண்ணெய் இளக்கம் தரும். கைச்சூட்டில் வளைய வேண்டும், ஆனால் பட்டறைச் சூட்டில் உருவம் குலையக்கூடாது. ஒரு மெழுகைத் தனியாக நம்பாமல் மூன்றைக் கலந்து வேண்டிய குணத்தை வரவழைக்கும் இந்த அறிவு, இன்றைய மெழுகுவர்த்திக் கலவைகளின் அடிப்படையும் ஆகும். மெழுகுவர்த்தி பற்றிய நூல்கள் இதைக் குறிப்பிடுவதில்லை. குறிப்பிட்டிருக்கலாம்.

மெழுகை எரிக்கும் வழக்கம் கிறித்தவ வழிபாட்டோடு பரவியது. போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் குடியேறியபின் மயிலாப்பூர்ச் சாந்தோமிலும் பிற தேவாலயங்களிலும் மெழுகுதிரி எரிந்தது. இலங்கைத் தமிழிலும் கத்தோலிக்கர் பேச்சிலும் இன்றுவரை 'மெழுகுதிரி' என்ற சொல்லே வாழ்கிறது. 'மெழுகுவர்த்தி' பின்னர் பொதுச்சொல்லாயிற்று, இதில் உள்ள 'வர்த்தி' வடமொழியில் திரியைக் குறிப்பது. கத்தோலிக்கத் திருச்சபை வழிபாட்டுக்குத் தேன்மெழுகையே விரும்பியது. மலிவான மெழுகுகள் பெருகியபின் 1904-இல் உரோமையிலிருந்து வந்த ஆணை, பாஸ்காத் திரியிலும் திருப்பலி விளக்குகளிலும் பெரும்பகுதி தேன்மெழுகாக இருக்க வேண்டும் என்றது. 'முழுதும்' என்று இல்லாமல் 'பெரும்பகுதி' என்று அது சொன்னதிலிருந்தே கலப்படம் எந்த அளவு பரவியிருந்தது என்று ஊகிக்கலாம்.

வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி காணிக்கை சமய எல்லைகளைக் கடந்தது. ஆளுயர மெழுகுவர்த்திகளை நேர்ந்துகொண்டு ஏந்திவரும் பக்தர்களை இன்றும் காணலாம். எரிவது பெரும்பாலும் பாரஃபின்தான்.

தேன்மெழுகு 62 முதல் 64 பாகை வரை வெப்பம் தாங்கும். தமிழக வெயிலுக்கு இயற்கையில் கிடைக்கும் மிகப் பொருத்தமான மெழுகு இதுவே. ஆனால் கிடைக்கும் அளவு குறைவு, விலை அதிகம். நீலகிரி மலைகளில் பழங்குடியினர் மலைத்தேனீக் கூடுகளிலிருந்து எடுக்கும் மெழுகை, கோத்தகிரியில் 1993-இல் தொடங்கப்பட்ட கீஸ்டோன் அறக்கட்டளை மெழுகுவர்த்தி உள்ளிட்ட பொருட்களாக மாற்ற உதவிவருகிறது. தேன்மெழுகுக்குத் தன் சொந்த மணம் உண்டு. மல்லிகை வாசனை ஏற்ற விரும்புபவருக்கு அது குறை.

இலங்கைத் தென்னையும் லண்டன் மெழுகுவர்த்தியும்

19-ஆம் நூற்றாண்டில் மெழுகுவர்த்தியை மாற்றியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜீன் செவ்ரல். சோப்பு எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்த அவர், கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த ஒன்று எனக் காட்டினார். அவரது பெருநூல் 1823-இல் வெளிவந்தது. 1825-இல் கே-லூசாக்குடன் சேர்ந்து கொழுப்பு அமில மெழுகுவர்த்திக்குக் காப்புரிமை பெற்றார். கிளிசரினை நீக்கிவிட்டால் எஞ்சும் ஸ்டியரிக் அமிலம் கடினமானது, சுமார் 69 பாகையில் உருகுவது, நாறாதது, புகை குறைந்தது. அதே ஆண்டுகளில் பின்னல் திரியும் வந்தது. எரியும்போது வளைந்து சுடருக்கு வெளியே தலைநீட்டித் தானே சாம்பலாகும் அந்தத் திரியால், கத்தரி கொண்டு கருகிய திரியை அடிக்கடி வெட்டும் வேலை ஒழிந்தது.

இந்தக் கதையில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. 1830-இல் லண்டனில் வில்லியம் வில்சனும் பெஞ்சமின் லங்காஸ்டரும் தொடங்கிய 'எட்வர்ட் பிரைஸ்' நிறுவனம், தேங்காய் எண்ணெயை அழுத்தித் திண்மப் பகுதியைப் பிரிக்கும் 1829-ஆம் ஆண்டுக் காப்புரிமை ஒன்றை வாங்கியது. அதற்காக இலங்கையில் சுமார் 1000 ஏக்கர் தென்னந்தோப்பிலும் முதலிட்டது. 1840-இல் விக்டோரியா அரசியின் திருமணத்தின்போது வீட்டுச் சாளரங்களில் விளக்கேற்றும் வழக்கத்தைக் கருதி, ஸ்டியரிக் அமிலமும் தேங்காய்க் கொழுப்பும் கலந்த மலிவான மெழுகுவர்த்தியை அந்நிறுவனம் விற்பனைக்கு விட்டது. அதன் வளர்ச்சி அங்கிருந்து தொடங்கியது.

நம் ஊரில் மெழுகாக நிற்காத தேங்காய்க் கொழுப்பு, லண்டன் குளிரில் கலவையின் ஒரு பகுதியாக நின்றது. இன்று 'கோகோ சோயா' என்ற பெயரில் விற்கப்படும் தேங்காய்–சோயாக் கலவைகளை வாங்குபவர் இந்தச் செய்தியை நினைவில் கொள்வது நல்லது. தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களின் சங்கிலிகள் குட்டையானவை. முழுமையாக ஹைட்ரஜனேற்றினாலும் அதன் உருகுநிலை 30-களின் நடுப்பகுதியைத் தாண்டாது. குளிர்நாட்டுக் கலவையில் அது மென்மை தரும். மண்ணூரில் அந்த மென்மை தேவையில்லாத ஒன்று.

பாரஃபின் காலம்

1850-இல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் பிரைஸ் நிறுவனம் பர்மாவின் கச்சா எண்ணெயிலிருந்தும் பாரஃபின் பிரித்தது. 1860-61 குளிர்காலத்தில் மைக்கேல் பாரடே சிறுவர்களுக்காக நிகழ்த்திய மெழுகுவர்த்தி உரைகளில் அயர்லாந்துச் சதுப்பு நிலக் கரியிலிருந்து எடுத்த பாரஃபினையும் ஜப்பானிலிருந்து வந்த ஒரு மெழுகையும் காட்டினார் என்பது, அக்காலத்தில் மெழுகுகள் எவ்வளவு விரைவாகப் பெருகின என்பதைக் காட்டும்.

பர்மா ஆயில் நிறுவனம் 1886-இல் டேவிட் சைம் கார்கில் என்ற ஸ்காட்லாந்து வணிகரால் உருவாக்கப்பட்டது. ரங்கூனுக்கு எதிர்க்கரையில் சிரியம் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. அங்கிருந்து மண்ணெண்ணெயும் மெழுகும் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தன. அசாமின் டிக்பாய் ஆலை 1901 முதல் இயங்கியது, பாரஃபின் மெழுகு அதன் முக்கிய விளைபொருட்களுள் ஒன்று. இலங்கை வாசகர்கள் அன்றாடம் காணும் 'கார்கில்ஸ்' கடைகளின் பெயரிலிருப்பவரும் இதே டேவிட் சைம் கார்கில்தான். ஆனால் சோயா மெழுகு வரலாற்றில் வரும் அமெரிக்கக் 'கார்கில்' வேறு குடும்பம், 1865-இல் வில்லியம் வாலஸ் கார்கில் தொடங்கிய தானிய நிறுவனம். ஒரே பெயர் இரு மெழுகுகளின் கதையிலும் தலைகாட்டுவது தற்செயல்.

சென்னையில் மெழுகு உற்பத்தியின் மையம் மணலி. இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தை அமைத்தன. ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். உயவு எண்ணெய் தயாரிக்கும்போது குளிரில் உறைந்து தடைசெய்யும் மெழுகை நீக்கியாக வேண்டும். அப்படி நீக்கியதை எண்ணெய் போகப் பிழிந்து, வெளுத்து, பலகைகளாக்கினால் பாரஃபின். இங்குள்ள மெழுகுப் பிரிவின் நிறுவப்பட்ட திறன் ஆண்டுக்கு 30,000 டன். மெழுகுவர்த்திக்கு மட்டுமன்றிச் சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலுக்கும் இந்த மெழுகு தேவை. குச்சியின் முனையில் மெழுகு ஊறியிருந்தால்தான் மருந்தின் தீ மரத்துக்குத் தாவும்.

மெழுகு அப்போது எளிதில் கிடைக்கும் சரக்கன்று. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 1972-இல் பாரஃபின் மெழுகின் வழங்கல், விநியோகம், விலை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. சிறுதொழில் செய்பவர் தம் அலகைப் பதிவுசெய்து, ஒதுக்கீடு பெற்று மெழுகு எடுக்க வேண்டும். தமிழகத்தில் 1970-இல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் இரும்பு, பொட்டாசியம் குளோரேட் ஆகியவற்றோடு பாரஃபின் மெழுகையும் சிறு அலகுகளுக்கு வழங்கியது. மெழுகுவர்த்தி செய்வது சிறுதொழிலுக்கு மட்டுமே என ஒதுக்கப்பட்ட தொழில்களுள் ஒன்றாகவும் இருந்தது. பட்டியலில் கடைசிவரை எஞ்சிய 20 பொருட்களுள் ஊறுகாய், ரொட்டி, தீப்பெட்டி, பட்டாசு, ஊதுவத்தி ஆகியவற்றோடு மெழுகுவர்த்தியும் இருந்தது. 2015 ஏப்ரலில் அந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டது. சிறு முதலில் தொடங்கக்கூடிய தொழில் என்று மகளிர் பயிற்சி வகுப்புகளில் மெழுகுவர்த்தி செய்முறை நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டுவந்ததற்கு இந்தப் பாதுகாப்பும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

அந்த வகுப்புகளில் செய்யப்பட்டது மின்தடைக்கான வெள்ளை மெழுகுவர்த்தி. அலுமினிய அச்சில் திரியைக் கட்டி, 58–60 பாகை உருகுநிலையுள்ள பாரஃபினை ஊற்றி, தண்ணீரில் குளிரவைத்து, உருவி எடுப்பது. 2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், குறிப்பாக 2012-இல், தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது இது நன்றாக விற்றது. மின்வெட்டு குறைந்தது, எல்.ஈ.டி. விளக்கும் கைப்பேசி வெளிச்சமும் வந்தன. வெள்ளை மெழுகுவர்த்தி தேவாலயத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் ஒதுங்கியது. மெழுகுவர்த்தித் தொழிலில் மிஞ்சிய வழி, வெளிச்சத்துக்குப் பதில் வாசனையை விற்பது. ஆரோவில்லில் 1976-இல் தொடங்கிய மரோமா போன்ற நிறுவனங்கள் ஊதுவத்தியோடு மணமெழுகுவர்த்தியையும் செய்து இதை முன்பே காட்டியிருந்தன.

டால்டாவின் உறவுப்பொருள்

திரவ எண்ணெயைத் திண்மமாக்கும் வேதியியல் பிரான்சின் பால் சபாத்தியேயிடம் தொடங்கியது. நிக்கல் வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனைச் சேர்க்கும் அவரது ஆய்வுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைத் திரவ எண்ணெய்களுக்குப் பொருத்தி 1902-இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நோர்மன். இந்திய அடுக்களைக்கு இந்த முறை 1937-இல் 'டால்டா'வாக வந்தது. நெய்யில் வனஸ்பதி கலப்பதைக் கண்டுபிடிக்க, வனஸ்பதியில் கட்டாயம் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதித்தது. நல்லெண்ணெயை ஒரு சிவப்பு நிறச் சோதனையால் எளிதில் அறியலாம் என்பதே காரணம். வனஸ்பதியின் உருகுநிலை 31 முதல் 41 பாகைக்குள் இருக்க வேண்டும் என்றும் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள் கூறின. வாயில் உருக வேண்டிய பொருள் அல்லவா!

சோயா மெழுகு இதே முறையில் இன்னும் சற்று மேலே கொண்டுசெல்லப்பட்ட கொழுப்பு. கண்டிப்பான வேதியியல் பொருளில் அது மெழுகே அன்று, டால்டாவைப் போல ஒரு டிரைகிளிசரைடு. சோயா எண்ணெயின் கொழுப்பு அமிலங்களுள் மிகப் பெரும்பாலானவை 18 கரிம அணுக்கள் கொண்டவை. எனவே முழுமையாக ஹைட்ரஜனேற்றினால் ஏறத்தாழ முழுதும் ஸ்டியரிக் கொழுப்பாகி 65 பாகைக்கு மேல் உருகும். தேங்காயால் முடியாதது சோயாவால் முடிவது இதனால்தான். ஆனால் முழுமையாக இறுகிய கொழுப்பு நொறுங்கும், கண்ணாடியில் ஒட்டாது, வெடிக்கும். ஆகவே ஓரளவு மட்டும் ஹைட்ரஜனேற்றியோ இறுகியதையும் இளகியதையும் கலந்தோ, 45 முதல் 55 பாகை வரையிலான தரங்களாகச் செய்கின்றனர்.

1991-இல் ஐயோவாவின் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் தேன்மெழுகுக்கு மலிவான மாற்றுத் தேடத் தொடங்கியதே சோயா மெழுகுவர்த்தியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஐயோவா சோயா விளையும் மாநிலம். விளைச்சல் மிகுந்து விலை குறையும்போதெல்லாம் அமெரிக்க உழவர் அமைப்புகள் சோயாவுக்குப் புதிய பயன் தேடின. பர்டியூ பல்கலைக்கழக மாணவர்கள் அப்படி ஒரு போட்டிக்காகச் சோயாவிலிருந்து வண்ணக்கட்டி செய்ததும் அதே பத்தாண்டில்தான். அமெரிக்கக் கார்கில் நிறுவனம் சோயா மெழுகைப் பேரளவில் தயாரித்தது. பின்னர் 'கோல்டன் வேக்ஸ் 464', '444' போன்ற எண்ணிட்ட தரங்கள் உலகெங்கும் வீட்டுத் தயாரிப்பாளர்களின் பேச்சில் புழங்கலாயின. 464 இளகியது, 50 பாகைக்குக் கீழே உருகுவது. வெப்பமான இடங்களுக்கு அனுப்பும்போது உருகுகிறது என்ற குறையைப் போக்கவே சற்று உயர்ந்த உருகுநிலையுள்ள 444 செய்யப்பட்டது. அமெரிக்காவுக்குள்ளேயே இந்தச் சிக்கல் இருந்தது என்பது நமக்குப் பாடம்.

மண்ணூரில் ஒரு மெழுகைத் தேர்ந்தெடுத்தல்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி 1990-களின் பிற்பாதியிலிருந்து வளர்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலை வந்தது. வேலைக்கு வந்த குடும்பங்கள் ஏரிக்கரை ஊர்களின் வாடகை வீடுகளில் குடியேறின. ஆலை வேலைக்குப் போகாதவர்கள் வீட்டிலிருந்தே செய்யும் தொழில்களுள் மணமெழுகுவர்த்தியும் ஒன்று. அடுப்பு, இரட்டைப் பாத்திரம், தராசு, வெப்பமானி இருந்தால் போதும். ஆனால் தயாரிப்பு விற்கும்வரை வைக்கப்படுவது மொட்டைமாடித் தளத்தின் கீழோ தகரக் கூரையின் கீழோ ஆகும்.

சென்னையில் 2003 மே 31 அன்று 45 பாகை பதிவாயிற்று. அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். தகரக் கூரை அறையும், வெயிலில் நிற்கும் பொருள்விநியோக வண்டியின் பெட்டியும் அதற்கு மேலே போகும். 46 பாகையில் உருகும் மெழுகு அங்கே குடுவைக்குள் நீராகும். மாலையில் மறுபடி உறையும்போது திரி சாய்ந்திருக்கும், மேற்பரப்பு குழிந்திருக்கும், வாசனை எண்ணெய் வியர்வைபோல் மேலே திரண்டிருக்கும். வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்பார். ஒரு மாத உழைப்பு அப்படிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் விவரம் உருகுநிலை. குடுவை மெழுகுவர்த்திக்குக்கூட 50 பாகைக்குக் குறையாத தரமே இங்கு ஏற்றது. அச்சில் வார்த்து எடுக்கும் தூண் வடிவத்துக்கெனச் செய்யப்பட்ட சோயாத் தரங்கள் இன்னும் கடினமானவை. கையிலுள்ள இளகிய மெழுகைத் திடமாக்கவும் வழியுண்டு. தேன்மெழுகு, ஸ்டியரிக் அமிலம் ஆகியவற்றைச் சிறிதளவு சேர்க்கலாம். ஆமணக்கு எண்ணெயை ஹைட்ரஜனேற்றிய ஆமணக்கு மெழுகு 85 பாகைக்கு மேல் உருகுவது. தவிட்டு எண்ணெய் ஆலைகளின் உபபொருளான அரிசித் தவிட்டு மெழுகு 77 முதல் 82 பாகை வரை தாங்கும். உலகில் ஆமணக்கு மிகுதியாக விளைவது இந்தியாவில், தவிட்டு எண்ணெய்க்கும் இங்கே குறைவில்லை. குறைந்த அளவிலேயே இவை உருகுநிலையை உயர்த்தும், கூடினால் கலவை கெட்டியாகித் திரி மூச்சுத்திணறும். நூற்றுக்கு மூன்று, ஐந்து எனச் சேர்த்து, எரித்துப் பார்த்துத்தான் அளவைக் காண வேண்டும். சுவாமிமலைத் தபதியின் குங்கிலியமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இரண்டாவது, பொட்டலத்தில் இருப்பது உண்மையில் சோயாதானா என்பது. பாமாயிலோ பாரஃபினோ கலந்த செதில்கள் சோயா என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. கலவை தவறன்று, சொல்லாமல் விற்பதுதான் தவறு. செவ்ரலின் பழைய சோதனை இங்கே உதவும். காஸ்டிக் சோடாக் கரைசலோடு சூடாக்கினால் தாவரக் கொழுப்பு சோப்பாகிவிடும், பாரஃபின் மாறாமல் மேலே மிதக்கும். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரிக்கும் என்பதால் இதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்வதே நல்லது. பாமாயில் கலப்பை இச்சோதனை காட்டாது, அதுவும் கொழுப்பே.

சோயா மெழுகுவர்த்தியின் மேற்பரப்பில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் படலம் தோன்றுவதுண்டு. கொழுப்பின் படிகங்கள் ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாறுவதால் வருவது அது. நாட்பட்ட சாக்லேட்டில் காணும் வெளுப்பும் இவ்வகையே. பகலில் சூடும் இரவில் தணிவுமாக வைத்தால் விரைவில் பூக்கும். எரிவதற்கு இதனால் கெடுதி இல்லை, நிறம் சேர்த்தவற்றில் அழகு கெடும், அவ்வளவே. நிறம் சேர்க்காமல் விட்டால் தெரியாது.

சோயா புகையே விடாது, பாரஃபின் நஞ்சு என்ற விளம்பரங்களை அப்படியே ஏற்பதற்கில்லை. 2009-இல் தென் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாரஃபின் மெழுகுவர்த்திப் புகையில் டொலுயீன் போன்றவற்றைக் கண்டதாக ஒரு வேதியியல் மாநாட்டில் கூறினர். அதற்கு முன், மெழுகுவர்த்தித் தொழிலின் செலவில் 2007-இல் நடந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று மெழுகின் வகையால் பெரிய வேறுபாடு இல்லை என்றது. யார் செலவில் நடந்தது என்பதையும் பார்த்தே படிக்க வேண்டும். கரி மிகுவதற்கு அன்றாடக் காரணம் நீண்ட திரியும் மின்விசிறிக் காற்றும். திரியை ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கி, காற்று படாத இடத்தில் வைத்தால் எந்த மெழுகும் சுத்தமாக எரியும்.

கொள்கலனிலும் கவனம் வேண்டும். மெருகிடாத மண் அகலில் சோயாக் கொழுப்பு ஊறி வெளியே கசியும், வைத்த மேசைத் துணியில் எண்ணெய் வட்டம் படியும். தேங்காய்ச் சிரட்டை மெழுகுவர்த்தி பார்க்க அழகு. ஆனால் மெழுகு தீரும் நேரத்தில் எண்ணெய் ஊறிய சிரட்டையே பற்றிக்கொள்ளக்கூடும். இதை விற்பவர்கள் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவது அரிதாகவே இருக்கிறது. மூடியுள்ள தகர டப்பியோ தடித்த கண்ணாடியோதான் நம்பத்தக்கது.

மணமும் அளவும்

சோயா மெழுகு பொதுவாக எடையில் 6 முதல் 10 சதவீதம் வரை வாசனை எண்ணெயைத் தாங்கும். ஒரு கிலோ மெழுகுக்கு 80 கிராம் என்பது நடுத்தர அளவு. உருகிய மெழுகின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு என்பதால் 200 மில்லி குடுவையில் 170 முதல் 180 கிராம் வரைதான் கொள்ளும். விலை குறிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்து நட்டப்படுபவர் உண்டு. வாசனையைக் கலந்தபின் குடுவையை ஒன்றிரண்டு வாரம் மூடிவைத்தால் மணம் மெழுகோடு பிணையும். அவசரப்பட்டு மறுநாளே ஏற்றிப் பார்த்து, சோயாவில் வாசனையே வருவதில்லை என்று முடிவுகட்டுவது பரவலான பிழை.

மல்லிகை மெழுகுவர்த்தியில் இருப்பது பெரும்பாலும் மல்லிகை அன்று, பென்சைல் அசிட்டேட் போன்ற செயற்கை மணப்பொருட்களின் கலவை. உண்மையான மல்லிகைச் சாரம் மெழுகில் ஏற்றுவதற்கு மிக விலையுயர்ந்தது. சத்தியமங்கலம், கோவைப் பகுதிகளில் மல்லிகைப் பூவை ஹெக்சேனில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, 'கான்கிரீட்' எனப்படும் பிசுபிசுப்பான திரளை எடுக்கின்றனர். அதை ஆல்கஹாலில் கழுவினால் வாசனைச் சாரம் கரைந்து போய்விடும், கரையாமல் அடியில் நிற்பது பூவின் இதழ்களிலிருந்து வந்த மெழுகு. மங்கிய மஞ்சள் நிறமும் மெல்லிய மல்லிகை மணமும் கொண்ட அந்த மலர்மெழுகு இப்போது பெரும்பாலும் அழகுசாதனத் தயாரிப்புக்குப் போகிறது. சோயா மெழுகோடு சிறிதளவு சேர்த்தால் அதுவும் எரியும்.